இரக்கப்பட்டவர்கள்

பிரின்சிபால் சலபதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அழுது அனசூயா பார்த்ததில்லை. விடுதிக் குளியலறையில் ஒரு பெண் மயங்கி விழுந்து மண்டை உடைந்தபோதுகூட, "அரை நாள் வகுப்பு போச்சே" என்றுதான் சொன்னார். அதனால் அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காருங்க மேடம். நம்ம லிகிதாவோட அப்பா தவறிட்டாரு. விடிகாலையில. மாரடைப்பாம்."

"ஐயோ" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லக்கூடாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

லிகிதா, டாக்டர் கனவோடு வந்து சேரும் பிள்ளைகளின் பிரிவில் இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. வாராவாரம் தேர்வு வைத்து, மார்க்குக்குத் தகுந்தபடி பிள்ளைகளை அறை அறையாக மாற்றி உட்காரவைக்கிற கல்லூரி அது. இரண்டு வருஷமாக முதல் அறையை விட்டு நகராதவள் அவள் ஒருத்திதான். முடிவு வந்ததும் விஜயவாடா முழுக்க ஒட்டப்போகிற போஸ்டரில் நடுவில் வரவேண்டிய முகம் என்று சலபதி எப்போதோ தீர்மானித்துவிட்டார். அரசுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தாவரவியல். அதற்குப் பிறகு விலங்கியல், இயற்பியல், வேதியியல்.

"அவங்க பெரியப்பா கோடேஸ்வர ராவ் பேசினாரு" என்றார் சலபதி. "இன்னிக்கோட சேர்த்து நாலு பேப்பர் மிச்சம் இருக்கு, எல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அவரே சொல்றாரு. பாவம், சின்னப் பிள்ளை. இப்ப சொன்னா நொறுங்கிப் போயிடும். நாமதான் மேடம் கருணையோட நடந்துக்கணும்."

கருணை. அந்த வருஷம்தான் கல்லூரியில் கருணை வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம். பெங்களூரிலிருந்து வழுவழுவென்று ஒருத்தர் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார். கண்ணை மூடு, பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடி, அவள் வலியை உன் வலியாக நினை. தேர்வு நெருங்கியதும் அந்த அரை மணியையும் இயற்பியல்காரர் பிடுங்கிக்கொண்டார். வகுப்புக்குப் பொறுப்பு அனசூயா. ஏன் நான் என்று கேட்டதற்கு, "நீங்கதானே மேடம் விலங்கியல், உங்க பாடத்துலதானே இதயம் வருது" என்று சலபதி தொப்பை குலுங்கச் சிரித்தார்.

இதே சலபதிதான் போன வருஷம் அவளுடைய அம்மா செத்த மூன்றாம் நாள் போன் செய்தார். "உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுக்கிறோம்" என்று ஆரம்பித்து, "நாளைக்குப் பத்து மணிக்கு லேபுக்கு வந்துடுவீங்கல்ல" என்று முடித்தார். அவளும் போனாள். கண் வீங்கியபடி தவளைக்குப் பதில் பிளாஸ்டிக் மாதிரியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் குடல் எது, ஈரல் எது என்று காட்டினாள்.

"எப்ப எடுக்கிறாங்க சார்?"

"இன்னிக்கு மத்தியானமே. வெயில் காலம் இல்லையா."

"அப்ப பிள்ளை கடைசியா முகம் பார்க்க வேண்டாமா?"

"முகத்தைப் பார்த்தா போன உயிர் வந்துடுமா மேடம்?" என்று மூக்கை உறிஞ்சினார். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் கொடுமை. மனதாரத்தான் அழுதார். மனதார அழுதுகொண்டே அடுத்ததைச் சொன்னார்.

லிகிதாவின் அப்பா பூர்ணய்யா தெனாலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் மில் லாரி ஓட்டுகிறவர். ஒவ்வொரு பரீட்சை அன்றும் காலையில் வார்டனின் போனுக்குக் கூப்பிட்டு மகளிடம் நாலு வார்த்தை பேசுவார். பிள்ளைகளிடம் போன் இருக்கக்கூடாது என்பது சட்டம். இன்றைக்குப் போன் வராவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"பெரியப்பா குரலும் அப்பா குரலும் ஒண்ணுபோல இருக்கு மேடம். எனக்கே வித்தியாசம் தெரியலை. அவரையே பேசச் சொல்லிட்டேன். இன்னும் கால் மணியில கூப்பிடுவாரு. நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கோங்க."

"சார், இது மனுஷன் செய்யிற வேலையா?"

"மனுஷன்தான் மேடம் செய்வான். மனசு இருக்கிறவன்தான் செய்வான்."

சாப்பாட்டுக் கூடத்தில் லிகிதா இரட்டைப் பின்னல் போட்டு, தாவரவியல் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வார்டன் ரத்னகுமாரி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். ரத்னகுமாரிக்கும் விஷயம் தெரியும். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"நான்னா!" என்று லிகிதா போனைக் காதில் இடுக்கினாள். அந்த ஊரில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? ... சளியா? சொன்னா கேக்கறீங்களா? ராத்திரி லாரி ஓட்டும்போது காதுல துண்டைக் கட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அம்மாகிட்ட போனைக் குடுங்க, நான் சொல்றேன். ... கோயிலுக்குப் போயிருக்காளா? சரி, வந்ததும் மிளகு கஷாயம் வெச்சுத் தரச் சொல்லிக் குடிங்க. நானா? எனக்கென்ன, எல்லாம் படிச்சாச்சு. வெச்சுடட்டுமா நான்னா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான்னா சரியான குழந்தை மேடம்" என்று அனசூயாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ரத்னகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சமையல்காரம்மாவுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவள் கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்து நெய் ஊற்றினாள். சுற்றி நின்ற எல்லாரும் உருகினார்கள். அழவேண்டியவள் ஒருத்தி மட்டும் நெய் இட்லி சாப்பிட்டாள்.

அனசூயா அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பயம். வேலை போய்விடும் என்ற சாதாரணப் பயம். அந்தப் பயத்துக்கும் அந்த நேரத்தில் இரக்கம் என்றே பெயர் வைத்துக்கொண்டாள். பிள்ளை நிம்மதியாக எழுதட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

தேர்வு மையம் நகரத்துக்குள் வேறொரு கல்லூரி. பிள்ளைகள் உள்ளே போனதும் வெளியே வேப்ப மர நிழலில் பெற்றவர்கள் கூட்டம் உட்கார்ந்தது. தண்ணீர் பாட்டிலும் மோருமாக எத்தனை அப்பாக்கள். ஒருத்தர் கம்பிக் கதவு வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அனசூயாவுக்கு உடம்பு எரிந்தது. எழுந்து, வார்டனிடம் பெரியப்பாவின் நம்பரை வாங்கிக்கொண்டு தெரு முனைக்குப் போய்ப் போட்டாள்.

"வணக்கம் மேடம். பிள்ளை நல்லா எழுதுதா?" என்றார் கோடேஸ்வர ராவ். பின்னால் ஒப்பாரி கேட்டது. அந்த ஒப்பாரிக்கு நடுவில் நின்றுகொண்டு பரீட்சையைக் கேட்கிறார்.

"நல்லாத்தான் எழுதுவா. காலையில செத்துப்போன அப்பாவே ஆசீர்வாதம் பண்ணியிருக்காரே, எழுதாம என்ன?"

"என் தம்பி குரல்ல பேசறதுக்கு எனக்கு மட்டும் சந்தோஷமா மேடம்? அவன் உடம்பு பக்கத்துல கிடக்கு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டுப் பேசினேன். பொண்ணு டாக்டராகணும்னு ராப்பகலா ஓட்டி ஓட்டித்தான் போய்ச் சேர்ந்தான். அவன் ஆசையை நான் கெடுக்கணுமா?"

"அவர் ஆசையை நீங்க முடிவு பண்ணாதீங்க. ஒத்தப் பொண்ணு. முகத்தைப் பார்க்கட்டும். பன்னெண்டு மணிக்கு வெளிய வர்றா. நான் கூட்டிட்டு வர்றேன், அதுவரைக்கும் வைங்க."

"வேண்டாம் மேடம். பரீட்சை எல்லாம் முடிச்சுட்டுக் காரியத்துக்கு வரட்டும். போட்டோ எடுத்து வெச்சிருக்கோம்."

"போட்டோவா?"

"நல்லாத்தான் எடுத்திருக்கான் பையன். பூ எல்லாம் போட்டு."

அவளுக்கு அந்தப் போனைச் சுவரில் அடித்து உடைக்கலாம்போல இருந்தது. "அவ அம்மா என்ன சொல்றாங்க?"

"நாகமணிக்கு நான் சொல்லிப் புரிய வெச்சுட்டேன். நீங்க கவலைப்படாதீங்க" என்று வைத்துவிட்டார்.

அனசூயா தெருவிலேயே நின்றாள். எல்லாரும் எவ்வளவு நல்லவர்கள்! ஒருத்தர் அழுகிறார், ஒருத்தி நெய் ஊற்றுகிறாள், ஒருத்தர் போட்டோ எடுத்து வைக்கிறார். ஒருத்தராவது அந்தப் பெண்ணை மனுஷி என்று நினைத்தார்களா? மார்க் போடுகிற மெஷினுக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள், அதற்கு இரக்கம் என்று பெயர். நானும் அதில் ஒரு கை பிடித்தேன் என்று நினைத்தபோது தன்னையே நாலு அறை அறையவேண்டும்போல இருந்தது. வேலை போனால் போகட்டும், நாசமாய்ப் போகட்டும். எதிரே டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு காரைப் பேசி, வாசலிலேயே நிறுத்தச் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு லிகிதா சிரித்துக்கொண்டே வந்தாள். "எல்லாம் தெரிஞ்ச கேள்வி மேடம். ஒரு படம் மட்டும் கொஞ்சம் கோணலாயிடுச்சு."

அனசூயா அவள் கையைப் பிடித்து மரத்தடியிலிருந்து தள்ளிக் கூட்டிப்போனாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த எந்தப் பயிற்சியும் அப்போது உதவவில்லை. சுற்றி வளைக்கவும் தெரியவில்லை.

"லிகிதா, உங்க நான்னா தவறிட்டாரும்மா. விடிகாலையில."

பெண் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இல்ல மேடம், வேற யாரோட அப்பாவோ. உங்களுக்குத் தப்பா சொல்லிட்டாங்க. என்கிட்ட காலையில பேசினாரே. நீங்ககூடப் பக்கத்துல இருந்தீங்களே."

"அது உங்க பெரியப்பா."

"சளி பிடிச்சிருக்குன்னு சொன்னாரு மேடம்."

"பெரியப்பாம்மா. நீ பரீட்சை எழுதணும்னு அவரைப் பேச வெச்சாங்க. எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பக்கத்துல நின்னேன்."

லிகிதா கையிலிருந்த பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அனசூயாவின் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த உருவல் ஒரு அறையைவிட மோசமாக இருந்தது.

காரில் ஏறும்போது ரத்னகுமாரி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்க மேடம் கூட்டிட்டுப் போறீங்க? அனுமதிச் சீட்டு எங்க? தலை எண்ணிக்கை குறைஞ்சா என்னைத்தானே கேப்பாங்க!"

"செத்த வீட்டுக்குப் போறதுக்கு யார்கிட்ட சீட்டு வாங்கணும்? கதவை விடு."

"சொல்லிட்டீங்களா? ஐயையோ, சொல்லிட்டீங்களா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா மேடம்? நாளன்னிக்கு உங்க பேப்பர்தானே! பச்சைப் பிள்ளை எப்படி எழுதும்?"

"நீயும் ரெண்டு பெத்தவதானே. நாளைக்கு நீ செத்தா உன் பிள்ளைக்கு வேற யாராவது உன் குரல்ல பேசட்டுமா?"

ரத்னகுமாரியின் கை கதவிலிருந்து விழுந்தது. ஆனால் உடனே பிரின்சிபாலுக்குப் போன் போட்டாள்; கார் தெருமுனை தாண்டுவதற்குள் அனசூயாவின் போன் அடித்தது. சலபதி. அனசூயா எடுத்தாள்.

"மேடம், இப்பவே திரும்பி வாங்க. இதுக்கா உங்களைக் கருணை வகுப்புக்குப் போட்டேன்? ஒரு பிள்ளையோட எதிர்காலத்தையே அழிக்கிறீங்க. திரும்பி வரலைன்னா நாளைக்கு நீங்க கல்லூரிக்கு வரவேண்டாம்."

"நாளைக்கு மட்டும் இல்ல சார், என்னைக்கும் வரலை. அந்த வகுப்பை நீங்களே எடுங்க. நல்லா அழறீங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். கிருஷ்ணா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் லிகிதா, "அம்மா கோயிலுக்குப் போகலையா அப்ப?" என்று கேட்டாள். இல்லை என்றாள் அனசூயா.

வீட்டு வாசலில் பந்தல் இருந்தது, பாடை இல்லை. வெளிமுற்றம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். பெண்கள் கூட்டம் லிகிதாவைப் பார்த்ததும் வழிவிட்டது, ஆனால் யாரும் கட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி, "வந்துட்டா மகாராணி" என்றாள்.

சுவரோரம் கிடந்த நாகமணி எழுந்து வந்தாள். மகள் "அம்மா" என்பதற்குள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விழுந்தது.

"இப்பத்தான் நேரம் கிடைச்சுதாடி? பரீட்சை எழுதி முடிச்சுட்டு வந்தியா? எத்தனை மார்க்கு? அந்தாளுக்குச் சொல்லிவிடு, சந்தோஷமா வேகட்டும்!"

லிகிதா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முழித்தாள். அனசூயாவுக்குத்தான் முதலில் உறைத்தது. புரிய வைத்துவிட்டேன் என்றாரே, இதைத்தான் புரிய வைத்தாரா?

"அம்மா, உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று குறுக்கே போய் நின்றாள். "இவ என்ன சொன்னதா சொன்னாங்க?"

"என்ன சொல்றது? விஷயத்தைச் சொன்னாங்களாம், இவ அழுதாளாம், நாலு பேப்பர் இருக்கு, முடிச்சுட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டாளாம். அவ மனசைக் கலைக்காதே, போன் பண்ணாதேன்னு பெரியவர் என் கையிலிருந்து போனைக்கூட வாங்கி வெச்சுக்கிட்டாரு."

"அவளுக்கு யாருமே சொல்லலைம்மா!" அனசூயா கத்தினாள். பந்தல் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். "பன்னெண்டு மணிக்கு நான் சொல்லித்தான் தெரியும். காலையில இவங்கப்பா மாதிரி உங்க பெரியவர்தான் இவகிட்ட பேசினாரு. சளி பிடிச்சிருக்குன்னு பேசினாரு. கஷாயம் குடிங்கன்னு இவ சொல்லிக்கிட்டு இருந்தா!"

கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நாகமணி மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் அவர்கிட்ட சொல்லிட்டேனேடி. எடுக்கிறதுக்கு முன்னாடி காதுல போய்ச் சொன்னேனே. உன் பொண்ணு வரமாட்டேன்னுட்டா, நீ போய்யான்னு சொன்னேனே. அந்த மனுஷன் அதைக் கேட்டுக்கிட்டுல்ல போறாரு!"

நாகமணி மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, கால்வாய்ப் பக்கம் தள்ளினாள்.

"ஓடு. சுடுகாட்டுக்குப் பாதி வழியில கீழ இறக்கி வெப்பாங்க. சொந்தக்காரங்க காதுல கூப்பிடுவாங்க. அதுதான் கடைசி. அதுக்குள்ள போய்ச் சொல்லு. ஓடுடி!"

ஓடினாள். காலேஜ் ஷூவோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட, கால்வாய்க் கரைமேல் ஓடினாள். பின்னால் அனசூயா மூச்சிரைக்க ஓடினாள். தப்பட்டைச் சத்தம் நின்றிருந்தது. கருவேல மரத்தடியில் வைக்கோல் பரப்பிப் பாடையை இறக்கியிருந்தார்கள். நெருப்புச் சட்டி பிடித்திருந்த கோடேஸ்வர ராவின் மகன் குனிந்து, "சித்தப்பா, சித்தப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போய்விட்டவரைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பது, ஒருவேளை எழுந்துவிட்டால் என்று.

ஆண்கள் அவளைப் பார்த்து விலகினார்கள். "பொம்பளைப் பிள்ளை இங்க..." என்று ஒருத்தர் ஆரம்பித்தார், அனசூயா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். லிகிதா வைக்கோலில் மண்டியிட்டு, அப்பாவின் முகத்தில் ஒட்டியிருந்த பூவை எல்லாம் ஒதுக்கினாள். காதோடு வாயை வைத்தாள்.

"நான்னா."

எல்லாரும் காத்திருந்தார்கள். அந்தச் சடங்குக்கு அதுதான் முறை, கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

"நான்னா, நான் வரமாட்டேன்னு சொல்லலை. எனக்குத் தெரியாது நான்னா."

"அம்மா, லிகிதா..." என்றது பூர்ணய்யாவின் குரல்.

அந்தப் பெண்ணின் உடம்பு தூக்கிப் போட்டது. கண் விரிய அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அனசூயா பார்த்துவிட்டாள். பார்த்திருக்கவே கூடாது. பின்னால் கோடேஸ்வர ராவ் தோள்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தாங்க முடியாமல் அழுதபடி நின்றுகொண்டிருந்தார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா..." என்று அவர் மறுபடி ஆரம்பித்தார்.

லிகிதா திரும்பினாள்.

"நீங்க பேசாதீங்க. நான் கூப்பிட்டது உங்களை இல்ல."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. கூட்டத்தில் ஒருத்தரும் அவரைத் தேற்றவில்லை. லிகிதா மறுபடியும் குனிந்து, அப்பாவின் காதைக் கையால் மறைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல் பேச ஆரம்பித்தாள். நேரமாகிறது என்று யாரும் சொல்லவில்லை.